ஸ்டாப் சொன்னவள்

நான் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டது ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெரம்பலூரில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அந்த மண்டபம் இருந்தது. மேலே மேடையும் நாற்காலிகளும், கீழே சாப்பாடு. முகூர்த்தம் இல்லாத நாட்களில் மேஜைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, கூடத்தின் ஒரு கோடியில் இரும்புப் பெட்டிகளை வைத்து அவற்றில் அட்டைகளை மாட்டுவோம். மறுகோடியில் நின்று சுடுவோம். குறி பார்க்கும்போது மூச்சை மெல்ல இழுத்துப் பாதியில் நிறுத்த வேண்டும். நான் இழுத்த மூச்சிலெல்லாம் முந்தின நாள் சாம்பாரின் பெருங்காயம் இருந்தது.

கற்றுக்கொடுத்தவரை நாங்கள் கோச்சக்கா என்போம். மண்டபம் அவருடைய பெரியப்பாவுடையது. அதனால்தான் எங்களுக்கு அந்த இடம். கல்லூரியில் படிக்கும்போது போட்டிகளில் சுட்டுப் பதக்கம் வாங்கியவர், எங்களுக்குக் கற்றுக்கொடுத்தபோதும் அவருக்கு வயது அதிகமில்லை. அரியலூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வந்ததும் பந்திக் கூடத்தின் கைகழுவும் குழாயில் முகத்தில் படிந்த சிமெண்ட் லாரித் தூசியைக் கழுவுவார். தூசியோடு சிரிப்பையும் கழுவிவிடுவாரோ என்று எங்களுக்குச் சந்தேகம் உண்டு. துப்பாக்கிப் பெட்டியைத் திறந்த பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

போன உடனே படபடவென்று சுடலாம் என்ற நினைப்பில்தான் எல்லோரும் சேர்ந்தோம். பல வாரங்களுக்கு ஒரு குண்டுகூடக் கையில் கிடைக்கவில்லை. எடுப்பது, வைப்பது, திறப்பது, மூடுவது, மறுபடி எடுப்பது. இத்தனைக்கும் அது காற்றுத் துப்பாக்கிதான். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக் குண்டுதான் அதற்குள் போகும். ஆனால் கோச்சக்கா அதைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்க வைத்தார். குழல் எப்போதும் அட்டைச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். குறி பார்த்து முடியும்வரை விரல் விசைக்குள் போகக் கூடாது. அட்டை மாற்ற யாராவது முன்னால் போயிருக்கும்போது துப்பாக்கியை யாரும் தொடவே கூடாது. நடுநடுவே தலையில் தட்டாத குறையாகக் கேட்பார்.

"கொழலு எங்க பாக்குது?"

"செவுத்த பாக்குதுக்கா!" என்று கோரஸாகக் கத்துவோம்.

சுட்டு முடித்ததும் லிவரைத் திறந்து, கூடை பின்னும் ஆரஞ்சு ஒயர் ஒன்றைக் குழலின் பின்னாலிருந்து விட்டு முன்னால் வாலாகத் தொங்கவிட வேண்டும். உள்ளே குண்டு இருந்தால் ஒயர் போகாது. ஒயர் வெளியே தெரிந்தால் துப்பாக்கி காலி என்று தூரத்திலிருந்தே தெரியும். "காலியா இருக்குன்னு வாயால சொல்றவங்கள நம்பாதீங்க. ஒயரு சொல்லணும். ஒயரு சொன்னாலும் ஆளு பக்கம் திருப்பப்படாது" என்பார் கோச்சக்கா. ஓய்ந்த நேரத்தில் ஒயர்க் கூடை பின்னுவது அவர் வழக்கம். நீலம், பச்சை என்று எத்தனையோ ஒயர் இருந்தும் ஆரஞ்சை மட்டும் எங்களுக்குக் கொடுத்துவிட்டதால், அவர் பின்னிய கூடைகளில் அந்த நிறமே இருக்காது.

எல்லா விதிகளையும்விட எனக்குப் பிடித்தது வேறொன்று. பிடித்ததும் அதுதான், பயமுறுத்தியதும் அதுதான். கூடத்தில் யாராவது ஆபத்தான எதையாவது பார்த்தால், அவர் எவ்வளவு சின்னவராக இருந்தாலும், "ஸ்டாப்" என்று கத்தலாம். கத்திவிட்டால் கோச்சக்கா உட்பட எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. எல்லாம் அடங்கிய பிறகு கோச்சக்கா வந்து, "என்ன பாத்த?" என்று கேட்பார். பார்த்ததைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதன்பிறகும் ஸ்டாப் சொன்னவரே "ஆரம்பிக்கலாம்" என்று சொன்னால்தான் மறுபடி ஆரம்பம். அதுவரை கூடமே கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்.

இதற்கு ஒத்திகையும் உண்டு. ஒவ்வொருவராக மூலையில் நின்று கத்த வேண்டும். என் முறை வந்தபோது உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

"உனக்கே கேக்கல. எனக்கு எப்புடிப் புள்ள கேக்கும்?" என்றார் கோச்சக்கா.

எனக்குக் கத்திப் பழக்கமில்லை. கத்துவதற்கு ஆள் வேண்டுமல்லவா? எங்கள் சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. என் படிப்புக்காக அம்மாவும் நானும் மட்டும் பெரம்பலூரில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். கூடப் பிறந்தவர்கள் இல்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா தலைவலியோடு படுத்திருப்பாள். சத்தம் போடாமல் சாவியைத் திருகி, சத்தம் போடாமல் தட்டை எடுத்து, சத்தம் போடாமல் சாப்பிடுவேன். லூடோவில் நான்கு நிறத்துக்கும் நானே காய் நகர்த்துவேன். எந்த நிறம் ஜெயித்தாலும் சொல்வதற்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

அத்தா குவைத்தில் இருந்தார். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அவர் கைப்பேசித் திரைக்குள் அடங்கிய ஒரு முகம். பேசிக்கொண்டே இருக்கும்போது நெட்வொர்க் போய், வாய் திறந்தபடி அப்படியே உறைந்துவிடுவார். அந்த உறைந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் திரும்பி அசைவதற்காகக் காத்திருப்பேன். நான் துப்பாக்கிக்குச் சேர வேண்டும் என்றபோது என் மாமா, அம்மாவின் தம்பி, குதித்தார். பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் பயந்து ஓடவா என்றார். அத்தாதான் திரைக்குள்ளிருந்து, "புள்ள ஆசப்படுது, உட்ருங்க மாப்ள" என்றார். அந்த ஒரு வரிக்காக அவருக்கு நான் சுட்டுக் காட்டியே தீர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ஸ்டாப், ஸ்டாப் என்று கத்திப் பழகினேன். தொட்டிக்குள்ளிருந்து என் குரல் எனக்கே திரும்பி வந்தது.

அந்த ஆடி மாதம் முழுக்கக் கூடம் எங்களுடையதாக இருந்தது. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? என் குண்டுகள் அட்டையின் நடுக் கறுப்புக்குள் விழத் தொடங்கின. அத்தாவோ ஆவணியில் வந்தார்.

விமான நிலையத்தில் அவரைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன். நேரில் அவர் மிகப் பெரிதாக இருந்தார். கழுத்து, கை, கால் என்று நான் மறந்துபோயிருந்த பாகங்களெல்லாம் அவருக்கு இருந்தன. நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவரும் கூச்சப்பட்டார் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டில் ஒரே அறையில் இருந்தும் எங்களுக்குப் பேச வரவில்லை. "சாப்ட்டியாம்மா?" என்பார். "சாப்ட்டேன்த்தா" என்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்கூல்லாம் எப்டிப் போவுது?" என்பார். "நல்லாப் போவுது" என்பேன். இரண்டு பேருமே திரைக்குள் போய்விட்டால் தேவலை போல இருந்தது.

நான் சுடுவதைப் பார்த்துவிட்டால் போதும், அத்தாவுக்கு என்னைத் தெரிந்துவிடும் என்று நம்பினேன். ஆனால் ஆவணி முழுக்க முகூர்த்தம். பள்ளிக்கூடம் விட்டதும் மண்டப வாசலுக்கு ஓடுவேன். வாழைமரம் கட்டியிருந்தால் வகுப்பு இல்லை. ஊர் முழுக்க இப்படி ஒரே மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டு என்னத்தைக் கண்டார்கள் என்று முன்பின் தெரியாத மாப்பிள்ளைகள்மீதெல்லாம் ஆத்திரமாக வந்தது. அத்தாவின் விடுமுறை ஒவ்வொரு நாளாகத் தேய்ந்துகொண்டிருந்தது.

கடைசியில், இரண்டு கல்யாணங்களுக்கு நடுவே ஒரே ஒரு நாள் கிடைத்தது. பழைய வாழைமரம் சாய்ந்து கிடக்க, புதிய வாழைமரம் இன்னும் வந்திருக்கவில்லை. அத்தா வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு, நிக்காஹ்வுக்குப் போவது போலக் கிளம்பினார். அன்று பந்திக் கூடத்தில் பெருங்காயத்தோடு அத்தர் மணமும் கலந்திருந்தது.

அன்று சுட்டது போல நான் அதற்கு முன்னும் சுட்டதில்லை, பின்னும் அவ்வளவாக இல்லை. தலைமுக்காட்டுக்கு மேல் காதடைப்பான் போட்டுக்கொண்டேன். உலகம் அடங்கியது. குண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே ஓட்டைக்குள் போயின. லிவரைத் திறந்து ஒயரை விட்டு, துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்தேன். அத்தாவின் முகம் முழுக்கப் பல்லாக இருந்தது.

"யம்மாடி, எம் மவளா இது!" என்றார்.

அந்தச் சொல்லுக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கோச்சக்காவும் இரண்டு பிள்ளைகளும் அட்டைகளை எடுத்து வர முன்கோடிக்குப் போனார்கள். காலியான வரிசையில் அத்தா மேஜைப் பக்கம் நடந்தார். நின்றிருந்த ஒரு பையனிடம் தன் கைப்பேசியைக் கொடுத்து, "தம்பி, ஒரு போட்டோ புடி. குவைத்துல ரூம் பசங்களுக்குக் காட்டணும்" என்றார். சொல்லிக்கொண்டே என் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, கோச்சக்காவும் பிள்ளைகளும் குனிந்து நின்ற பக்கம் நீட்டினார்.

"ஸ்டாப்!"

அது என் குரல் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் சேர்த்து வைத்த குரலெல்லாம் ஒரே தடவையில் வெளியே வந்துவிட்டது. கூடம் அப்படியே நின்றது. அத்தாவும் நின்றார், ஆனால் யாரை நிறுத்துகிறார்கள் என்று சிரித்தபடியே சுற்றிப் பார்த்தார். துப்பாக்கி இன்னும் கையில் இருந்தது.

"அத்தா, ஸ்டாப்! கீழ வைங்க!"

சிரிப்பு மெல்லப் போனது. "காலிதானம்மா, ஒயரு தொங்குது பாரு" என்று முனகிக்கொண்டே வைத்தார். ஒயர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதில் குண்டு இல்லை என்று எனக்கும் தெரியும்.

கோச்சக்கா நடந்து வந்தார். விதிப்படி என்னிடம்தான் முதலில் வந்தார்.

"என்ன பாத்த?"

நான் அத்தாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னேன். "எங்கத்தா… ஆளுங்க நிக்கிற பக்கம் துப்பாக்கிய நீட்டினாங்க."

"சரியாச் சொன்ன" என்றார் கோச்சக்கா. பிறகு அத்தாவிடம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க சார். உள்ள வரும்போதே ஒங்களுக்கு எல்லாத்தயும் சொல்லிருக்கணும், சொல்லாதது என் தப்புதான். கொஞ்சம் அந்தக் கொழாய்கிட்ட நின்னுக்கங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வெள்ளைச் சட்டையும் அத்தருமாக அத்தா கைகழுவும் குழாய் வரிசை ஓரம் போய் நின்றார். எல்லோரும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று விளங்கவில்லை. கோச்சக்கா மெதுவாக, "நீ சொன்னாத்தான் ஆரம்பிக்க முடியும்" என்றார். அத்தாவும் அங்கிருந்து அதைக் கவனித்தார். "ஆரம்பிக்கலாம்" என்றேன். அன்று அதன்பிறகு சுட்ட குண்டுகளில் ஒன்றும் கறுப்புக்குள் போகவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தா நாலடி முன்னாலேயே நடந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மாவிடம், "நல்லாச் சுடுறா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொழப் போனார். இத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன், இனி அவர் என்னிடம் பேசவே மாட்டார் என்று நினைத்தேன். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் நான் செய்தது சரி என்றும் தெரிந்திருந்தது. சரியாகச் செய்துவிட்டு அழ வேண்டியிருப்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் கடைக்குப் போய்த் திரும்பிய அத்தா, குடையோடு வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார். குடையின் நுனியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, அதைத் தரையில் மெல்லக் கிடத்தி, இரண்டு கையையும் எடுத்துவிட்டு, மறுபடி என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன். அதற்கடுத்த நாள் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். அதைக் கூரையைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "கொழலு எங்க பாக்குது?" என்றார்.

என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். என் ஒரே பெருமையை ஒட்டடைக் கம்பாக்கிவிட்டார் என்று தோன்றியது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே கம்பைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. அதன்பிறகு அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. "சாப்ட்டியாம்மா?" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் திரும்பிப் போகும் நாள் வந்தது. சொந்தபந்தமெல்லாம் லெப்பைக்குடிக்காட்டில் என்பதால் அங்கிருந்த மாமா வீட்டிலிருந்துதான் கிளம்பினார். அம்மாவும் மாமாவும் திருச்சி விமான நிலையம்வரை போவதாகவும், காரில் இடமில்லாததால் நான் பெரியம்மாவோடு இருப்பதாகவும் ஏற்பாடு. பயணம் நல்லபடி அமையத் துஆ ஓதி முடிந்தது. அத்தா எல்லோருக்கும் சலாம் சொல்லிக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது தலையில் கை வைத்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, "நல்லாப் படிம்மா" என்று முடித்துக்கொண்டார். கார் கிளம்பியது.

"ஸ்டாப்!"

வேண்டுமென்று கத்தவில்லை. வந்துவிட்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. டிரைவர் பதறிப்போய்ப் பிரேக் போட்டதில் மேலே கட்டியிருந்த பெட்டி குலுங்கியது. பயணம் கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள பயம். "அடிப் பாவி, கெளம்புற நேரத்துல!" என்று பெரியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னென்னவோ சொன்னார்.

அத்தா கதவைத் திறந்து இறங்கினார். கோபமாக வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு முன்னால் வந்து நின்று கேட்டார்.

"என்னம்மா பாத்த?"

நான் எதைப் பார்த்தேன்? தெருவில் ஆபத்தாக ஒன்றுமில்லை. ஒரு கார், மேலே பெட்டிகள், உள்ளே அம்மா. பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும், இல்லாததைச் சொல்லக் கூடாது.

"ஒண்ணுமில்லத்தா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். காருக்குத் திரும்பிப் போனார், ஆனால் ஏறவில்லை. திறந்த கதவுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். "நேரமாவுது மச்சான்" என்றார் மாமா. நகரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். நகரவில்லை. தெருவெல்லாம் என்னையே பார்த்தது. எப்படியாவது இது முடிந்தால் போதும் என்று, "போயிட்டு வாங்கத்தா" என்றேன்.

உடனே ஏறிக்கொண்டார். கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. பெரியம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

அத்தா அதன்பிறகும் பல தடவை வந்தார், போனார். ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தேன், இன்னும் கொஞ்சம் பேச்சு குறைந்திருந்தது. அந்தத் தெருவில் நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதேயில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அரியலூரில் ஒரு கொட்டகையில் பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கிறேன். அங்கேயும் ஆரஞ்சு ஒயர்தான், அதே விதிகள்தான். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் திடீரென்று ஸ்டாப் என்று கத்தினாள். எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தோம். போய் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றுமில்லை என்றாள். சரி என்றேன். ஆனால் ஆரம்பிக்கலாம் என்று சொல்ல அவளுக்கு மறந்துவிட்டது. வரிசை முழுக்கப் பிள்ளைகள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் கார்க் கதவுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு கைகளையும் நான் உண்மையில் பார்த்தேன். அத்தா கோபத்தில் நிற்கவில்லை. குடையும் ஒட்டடைக் கம்பும் கேலியாக இருக்கவில்லை. என் கூடத்தின் விதிகளை என்னிடமிருந்தே கற்றுக்கொண்டிருந்தார். ஸ்டாப் சொன்னவள் நான், நான் சொல்லும்வரை அவர் ஏற மாட்டார். அது எனக்குத் தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றிருப்பேன்.